தனிக் கிண்ணம்

ரோஜாவுக்கு மனிதர்களின் வசதி ஒரு பொருட்டே இல்லை. துருக்கியின் இஸ்பார்தா மலைச்சரிவில் மே மாதக் கடைசியில் அது மொட்டவிழ்க்கத் தொடங்கிவிட்டால், வீட்டில் கல்யாணமோ சாவோ எது நடந்தாலும், விடிவதற்கு முன்னால் ஆள் தோட்டத்தில் நின்றாக வேண்டும். வெயில் ஏறினால் பூவுக்குள் இருக்கிற எண்ணெய் பறந்துவிடும். அதற்கப்புறம் மூட்டையை ஆலைக்குக் கொண்டுபோனால், வாங்குகிறவன் முகர்ந்து பார்த்துவிட்டு, வைக்கோல் கொண்டுவந்திருக்கிறாயா என்று கேட்பான்.

அப்படியொரு விடியலில்தான் நஸ்மியே தன் புருஷனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். துர்முஷ் இரண்டு கையாலும் பூவைக் கிள்ளி இடுப்பில் கட்டிய மடித்துணிக்குள் போட்டுக்கொண்டிருந்தான். வலது கைப் பூ மடிக்குள் விழுந்தது. இடது கைப் பூ மடிக்கு வெளியே, மண்ணில் விழுந்தது. அவனுக்கு அது தெரியவில்லை. அவன் நடந்துவந்த வழி நெடுக இடப்பக்கம் மட்டும் ரோஜா சிதறிக் கிடந்தது.

"பூவை எங்க போடறே?" என்றாள்.

"மடியில."

"கீழ பாரு."

அவன் குனிந்து பார்த்தான். இடது கண்ணைக் கையால் மூடினான். பிறகு வலது கண்ணை மூடினான். "பனிமூட்டமா இருக்குன்னு நினைச்சேன்" என்றான். அன்றைக்கு மலையுச்சிப் பனிக்கட்டி வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது.

அந்தக் கண் சிவப்பதும் தெளிவதும் புதிதல்ல. மாரிக்காலத்தில் ஒருமுறை சிவந்தது, சொட்டுமருந்து விட்டதும் தெளிந்தது. முட்டி வீக்கம் அதைவிடப் பழசு. அந்த ஊரில் மூட்டு வலிக்குக் காற்று என்றே பெயர். பனியில் நனைகிற உடம்பில் காற்று புகுந்துகொண்டது என்பார்கள். வெந்நீர் ஊற்றில் போய் ஊறினால் காற்று இறங்கும் என்று சொன்னார்கள், போய் ஊறினான், கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறியது. கணுக்காலுக்கு மேல் சிவப்பு சிவப்பாகக் கட்டி கிளம்பும், தொட்டால் அலறுவான். பூச்சிக்கடி என்றார்கள். வாய்க்குள் புண் வருவது மீசை முளைத்த காலத்திலிருந்து இருக்கிறது. அவன் அம்மா ஹவ்வா அதற்கு வால்நட் பருப்பைக் குற்றம் சொல்லுவாள். வால்நட் இல்லாத மாதத்தில் சுடுதேநீரைக் குற்றம் சொல்லுவாள்.

முட்டியை ஒருத்தர் பார்த்தார், பல்லை ஒருத்தர் பார்த்தார், கண்ணை ஒருத்தர் பார்த்தார். இந்த மூன்றும் ஒரே ஆளுடைய உடம்பில்தான் இருக்கின்றன என்பதை யாரும் பார்க்கவில்லை.

ஊர் வைத்தியர் ரெசெப் உஸ்தா மட்டும் மொத்தமாகப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். வருகிறவர்களின் முதுகில் பிளேடால் மெல்லக் கீறி, கண்ணாடிக் குப்பியைக் கவிழ்த்து, கெட்ட ரத்தத்தை உறிஞ்சி எடுக்கிறவர். இந்த வசந்தத்தில் துர்முஷின் முதுகிலும் கீறினார். மற்றவர்களுக்கெல்லாம் கீறல் காய்ந்து உதிர்ந்துவிடும். இவனுக்கு ஒவ்வொரு கீறலும் சிவந்து, நுனியில் வெள்ளையாகச் சீழ் கோத்து நின்றது. உஸ்தா அதைப் பார்த்துப் பூரித்துப்போனார். இத்தனை காலம் உள்ளே கிடந்த அசுத்தம் வெளியே வருகிறது, மருந்து பிடித்துக்கொண்டது என்று சொல்லி, அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு தடவையும் கீறிவிட்டார்.

நஸ்மியேவுக்கு மட்டும் அது உறுத்தியது. அவள் ஏரிக்கரைக்காரி, மீன்பிடிக்கிற குடும்பம். எதைக் கண்டாலும் ஏன் என்று கேட்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. ரோஜா முள் எல்லார் கையிலும்தான் குத்துகிறது, மற்றவர்களுக்குச் சாயங்காலம் தடம் கூட இல்லை, இவனுக்கு மட்டும் ஏன் இரண்டு நாள் கழித்துக் கொப்புளம் வருகிறது என்று மாமியாரிடம் கேட்டாள். "உன் கை மீன் செதிலு. என் புள்ள கை பட்டு" என்று சொல்லி முடித்துவிட்டாள் ஹவ்வா.

ஆனால் கேள்விகளிலேயே பெரியதை நஸ்மியே யாரிடமும் கேட்கவில்லை. பூ இல்லாத குளிர்மாதங்களில் துர்முஷ் அந்தால்யா கடற்கரை ஓட்டல்களில் அடுப்படி வேலைக்குப் போவான். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற இடம். போன வருஷம் திரும்பி வந்தபோது வாயில் இருந்த மாதிரிப் புண் மறைவிடத்திலும் இருந்தது. அவள் பார்த்துவிட்டாள். "நான் எங்கயும் போகல, நஸ்மியே" என்று அவனாகவே சொன்னான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாததால் அது ஆறவும் இல்லை.

அன்று காலை பூப் பறித்து முடித்து வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். அங்கே சாப்பாடு என்றால் தரையில் ஒரு துணி, அதன்மேல் ஒரு செம்புத் தாம்பாளம், நடுவில் ஒரே ஒரு பெரிய கிண்ணம். தயிர் சேர்த்துப் புளிக்கவைத்த தர்ஹானா மாவுக் கஞ்சியானாலும் கொண்டைக்கடலை போட்ட சோறானாலும் எல்லாக் கரண்டியும் அந்த ஒரு கிண்ணத்துக்குள்தான் போகும். தனிக் கிண்ணம் வைப்பது விருந்தாளிக்குக்கூட அவமானம். ஆனால் துர்முஷுக்கு வாயில் புண் கிளம்பினால் ஹவ்வா அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு நீல எனாமல் கிண்ணத்தை எடுப்பாள். ஓரம் சிதைந்த பழைய கிண்ணம். செத்துப்போன மாமனாருடையது என்பது மட்டும் நஸ்மியேவுக்குத் தெரியும்.

"தொத்திக்கும்" என்று சொல்லி அன்றைக்கும் அதில் ஊற்றி மகன் முன்னால் தள்ளினாள். அவன் தாம்பாளத்தை விட்டு நகர்ந்து உட்கார்ந்து, புண் எரிய எரிய, ரொட்டியை நனைத்து நனைத்து விழுங்கினான். நஸ்மியே அதைத் தடுக்கவில்லை. அவளுக்கும் தொத்திக்கொள்ளும் என்ற பயம் இருந்தது.

மறுநாள் மூன்று பேருமாக டவுனுக்குப் போனார்கள். கண் டாக்டர் நெடுநேரம் விளக்கடித்துப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொன்னார். முட்டி வீங்குமா என்று கேட்டார். பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் மூட்டு வாத டாக்டரை இன்றைக்கே பார்க்க வேண்டும், நாளைக்கு என்று தள்ளினால் கண் தாங்காது என்று சொல்லி, அங்கே போனும் பண்ணினார். ஹவ்வாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மினிபஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்: "கண்ணு தெரியலன்னு போனா, முட்டியைக் காட்டுங்கறான். இனி முட்டி வலின்னு போனா பல்லைப் பிடுங்குவான் போல."

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் பெயர் பெல்கிஸ். நரைமுடியை மறைக்காத, அவசரப்படாத பொம்பளை. அவள் உடனே மருந்து எழுதவில்லை. கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போனாள். காலையில் மூட்டு இறுகுமா? கட்டி வந்தால் தழும்பு விழுமா? வாய்ப்புண் வருஷத்துக்கு எத்தனை தடவை? நஸ்மியேவுக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. தன்னைவிட அதிகம் கேள்வி கேட்கிற ஒருத்தியை அவள் அப்போதுதான் பார்க்கிறாள்.

முதுகைக் காட்டச் சொன்னபோது குப்பி வைத்த தழும்புகள் வரிசையாகத் தெரிந்தன. டாக்டர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கீறின எல்லா இடத்திலும் சீழ் வைத்ததா என்று கேட்டாள். எல்லா இடத்திலும் என்றாள் ஹவ்வா, பெருமையாக. கெட்ட ரத்தம் நிறைய இருந்ததாம் என்று உஸ்தா சொன்னதையும் சேர்த்துச் சொன்னாள். முள் குத்தினாலும் கொப்புளம் வருகிறது என்று நஸ்மியே சொன்னாள். டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

அதற்கப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது.

"துர்முஷ், வேற எங்கயாவது புண்ணு வருமா? மறைவான இடத்துல?"

"இல்ல" என்றான் அவன். தரையைப் பார்த்துத்தான் சொன்னான்.

டாக்டர் ஹவ்வாவை வெளியே இருக்கச் சொல்லிப் பார்த்தாள். "பெத்தவளுக்குத் தெரியாத இடமா?" என்று அவள் நாற்காலியில் இன்னும் அழுந்தி உட்கார்ந்தாள். அந்த ஊரில் அம்மா முன்னால் மகன் சிகரெட்கூடப் பிடிக்க மாட்டான். அப்படியிருக்க இதை எப்படி வாய்விட்டுச் சொல்வான்? பேனா தாளுக்கு மேல் காத்துக்கொண்டிருந்தது. நஸ்மியே அந்தப் பேனாவையே பார்த்தாள். சொன்னால் வீட்டு மானம் போகும். சொல்லாவிட்டால் இந்தப் பொம்பளை தேடிக்கொண்டிருக்கிற ஏதோ ஒன்று அகப்படாமல் போய்விடும், அதோடு கண்ணும் போய்விடும் என்று அவளுக்குப் பட்டது.

"வரும் டாக்டரம்மா" என்றாள். "போன வருஷம் வந்துச்சு. இந்த வருஷமும் வந்துச்சு. நான் பார்த்தேன்."

துர்முஷ் கண்ணை மூடிக்கொண்டான். ஹவ்வா மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். நஸ்மியே எதிர்பார்த்தது கோபத்தை. ஆனால் அந்த முகத்தில் இருந்தது கோபம் இல்லை. தனக்குத் தெரிந்த யாரையோ எதிர்பாராத இடத்தில் பார்த்துவிட்டவளைப் போல இருந்தாள்.

டாக்டர் மட்டும் தலையை ஆட்டி எழுதிக்கொண்டாள். "நல்லவேளை சொன்னீங்க. நான் தேடினது அதைத்தான்."

"அது..." நஸ்மியே மாமியார் பக்கம் திரும்பாமல் கேட்டாள். "அது வெளிய எங்கயாவது போய் வாங்கிட்டு வர்றதா?"

"இல்லம்மா. இது யார்கிட்டருந்தும் வாங்கறது இல்ல. யாருக்கும் தொத்தாது. உடம்பு தனக்குத்தானே பண்ணிக்கிறது."

பிறகு விளக்கினாள். உடம்புக்குள் காவல்காரர்கள் இருக்கிறார்கள், கிருமி வந்தால் அடித்து விரட்ட. இவன் உடம்பில் அந்தக் காவல்காரர்களுக்கு நிதானம் இல்லை. ஒரு முள் குத்தினாலும் ஊரையே கூட்டிவிடுகிறார்கள். வாயில், மூட்டில், தோலில், கண்ணுக்குள் எல்லாம் நடப்பது அந்த ஒரே கலவரம்தான். பெச்சட் என்று பெயர். நம்முடைய நாட்டில் அதிகம். இதற்கென்று தனியாக ரத்தப் பரிசோதனை கிடையாது. ரத்தம் எடுப்பது மற்ற நோய்கள் இல்லை என்று உறுதி செய்யத்தான். மிச்சமெல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

"இன்னொண்ணும் பார்க்கலாம்" என்று சொல்லி, உறையைக் கிழித்து ஓர் ஊசியை எடுத்தாள். "முள்ளுல அழுக்கு இருந்திருக்கும், பிளேடுல அழுக்கு இருந்திருக்கும்னு யாராச்சும் சொல்லலாம். இது சுத்தமான ஊசி. குத்தின இடத்துல ரெண்டு நாள்ல கொப்புளம் வந்தா, அது அழுக்கால இல்ல. வராட்டியும் நோய் இல்லன்னு ஆயிடாது. எப்படியும் மருந்து இன்னைக்கே தொடங்கறோம். கண்ணு காத்திருக்காது."

முன்கையில் குத்தினாள், பக்கத்தில் பேனாவால் வட்டம் போட்டாள். ஸ்டீராய்டு மாத்திரை, கண்ணுக்குச் சொட்டுமருந்து, காவல்காரர்களை அடக்கிவைக்க ஒரு மாத்திரை, மூட்டுக்கும் புண்ணுக்கும் கோல்சிசின். எதையும் தானாக நிறுத்தக் கூடாது, காய்ச்சல் வந்தால் ஓடி வர வேண்டும், ரத்தம் அடிக்கடி பார்க்க வேண்டும் என்றாள். கடைசி மாத்திரை எதிலிருந்து வருகிறது என்று நஸ்மியே கேட்டாள், கேட்காமல் இருப்பாளா? மலையில் இலையுதிர் காலத்தில் ஊதாவாகப் பூக்குமே, அந்தப் பூவின் குடும்பத்துக் கிழங்கிலிருந்து என்றாள் டாக்டர். அந்தப் பூ பூத்தால் இடையர்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு மலையிறங்கிவிடுவார்கள்.

"அதைத் தின்னா ஆடே செத்துப்போகுமே" என்றான் துர்முஷ். அன்றைக்கு அவன் முழுசாகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"அதனாலதான் எண்ணி எண்ணிக் குடுக்கறேன். நீங்க ஆடு மாதிரி தின்னக் கூடாது" என்றாள் டாக்டர். போன பார்வை முழுவதும் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றும் சொன்னாள். நல்ல டாக்டர், பொய் சொல்லவில்லை.

அடுத்து வந்த பொழுதெல்லாம் நஸ்மியே ஊசி குத்தின அந்தக் கைக்குக் காவல் இருந்தாள். புருஷனைத் தோட்டத்தில் கால் வைக்க விடவில்லை. இன்னொரு முள் குத்திவிட்டால் எது ஊசி, எது முள் என்று எப்படித் தெரியும்? அவன் பங்கையும் சேர்த்து அவளே பறித்தாள். மடித்துணி நிறைய நிறையக் கொட்டிவிட்டு வந்தாள். விரலெல்லாம் கறுத்து, அவள் மேலேயே ரோஜா வாடை குமட்டியது. ஆனால் மனசு முழுக்க அந்த வட்டத்துக்குள்தான் இருந்தது. கொப்புளம் வர வேண்டும். புருஷனுக்கு நோய் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற பெண்டாட்டி உலகத்தில் தான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள். டாக்டர் சொன்னதை நம்பினாள்தான். ஆனாலும் டாக்டர் அந்தால்யாவைப் பார்க்கவில்லையே என்று ஒரு மூலையில் குடைந்துகொண்டிருந்தது.

ஊசி குத்தின மறுநாள் மத்தியானம், மூட்டையை ஆலை வண்டியில் ஏற்றிவிட்டு உள்ளே வந்தால், துர்முஷ் தூங்குகிறான், பக்கத்தில் ஹவ்வா உட்கார்ந்து அவன் சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டிருக்கிறாள். நஸ்மியேவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ.

"அத்தை, விடுங்க. பன்னீரும் வேணாம், வெங்காயமும் வேணாம். அதுல ஒண்ணும் தடவக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல?"

"தடவ வரல" என்றாள் ஹவ்வா. கையை விடவில்லை. "பார்க்க வந்தேன்."

அவள் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்தே அவள் யாரையும் நக்கல் பண்ணவில்லை என்பது நஸ்மியேவுக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு பொம்பளைகளும் தூங்குகிறவனின் கையைக் குனிந்து பார்த்தார்கள். வட்டத்துக்குள் லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த நாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அன்று விடியலில், தோட்டத்துக்குக் கிளம்புகிறவள், விளக்கைப் போட்டு அவன் கையைத் தூக்கிப் பார்த்தாள். வட்டத்துக்கு நடுவில் சின்னதாக, வெள்ளை நுனியோடு, கொப்புளம் நின்றது. நஸ்மியே அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷமா வெட்கமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

துர்முஷ் விழித்துக்கொண்டு கொப்புளத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"நான் வாயால சொன்னேன், நம்பல. ஊசி சொன்னா நம்பறே."

அவள் இல்லை என்று சொல்லவில்லை. "ஆமா. என் மேல தப்புதான்" என்றாள். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இழுத்துக்கொண்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கொப்புளத்தைப் பார்த்து, சந்தேகமே இல்லை என்றாள். கண்ணுக்குள் வீக்கம் சற்று வடிந்திருப்பதாகக் கண் டாக்டரும் சொல்லியிருந்தார். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது ஹவ்வா எழவில்லை. தலைத்துணியின் முனையை விரலில் சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"மகளே, செத்துப்போனவங்களுக்கு இந்த ஊசியைக் குத்திப் பார்க்க முடியாதே?"

டாக்டர் உட்கார்ந்துவிட்டாள். "முடியாதும்மா. யாரு?"

"இவன் அப்பன்."

"வாயில புண்ணு வருமா அவருக்கு?"

"எப்பவும்."

"கண்ணு?"

"இடது கண்ணு போச்சு. ஜெர்மனியில ஆலை வேலை பார்த்தாரு. நெருப்புப் பொறி பட்டுப்போச்சுன்னு சொல்லிக்கிட்டோம்."

டாக்டர் மூன்றாவது கேள்வியைக் கேட்கவில்லை. ஹவ்வாவே, "அதுவும்தான்" என்றாள்.

"பார்க்காத ஆளைப் பத்தி நிச்சயமாச் சொல்ல முடியாதும்மா. ஆனா குடும்பத்துல ஒருத்தருக்கு இருந்து இன்னொருத்தருக்கும் வர்றது உண்டு. இதுவா இருந்திருக்கலாம்."

"தொத்தாதுன்னு சொன்னியே. அது அவருக்கும் சேர்த்துத்தானே?"

"அவருக்கும் சேர்த்துத்தான்."

ஹவ்வா எழுந்து முந்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

திரும்பி வரும்போது மினிபஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டே, யாரும் கேட்காமலேயே சொன்னாள். ஜெர்மனியிலிருந்து வந்த மனுஷன் அந்தப் புண்ணோடு வந்தான். அங்கே எவளிடமோ வாங்கிக்கொண்டு வந்துவிட்டான் என்று அவள் முடிவு கட்டினாள். அவன் குரான் மேல் கை வைத்துச் சொன்னான், கேட்கவில்லை. படுக்கையை மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்து அறைக்கு மாற்றினாள். சந்தைக்குப் போய் ஒரு நீலக் கிண்ணம் வாங்கி வந்து, சாகிறவரைக்கும் தாம்பாளத்தில் கை வைக்க விடாமல் அதிலேயே ஊற்றினாள். பார்வை போன பக்கமாகக் கிண்ணத்தை வைத்துவிட்டால் அவன் கையால் துழாவுவான். அதையும் நகர்த்தி வைக்கமாட்டாளாம்.

"ஒரு நாளும் ஏன்னு கேட்கலயே, அந்த ஆளு" என்றாள். "அந்தக் கிண்ணத்தை வாங்கி வாங்கிக் குடிச்சிட்டுப் போயிட்டாரு."

நஸ்மியே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தானும் அதே வழியில்தான் நடந்துகொண்டிருந்தோம், பாதித் தூரத்தில் ஓர் ஊசி நிறுத்திவிட்டது என்பதுதான் அவளுக்குத் திரும்பத் திரும்பத் தோன்றியது.

வீடு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. நஸ்மியே தர்ஹானா கஞ்சி காய்ச்சித் தாம்பாளத்தின் நடுவில் பெரிய கிண்ணத்தை வைத்தாள். ரொட்டியைக் கிழித்துப் போட்டாள். துர்முஷ் பழக்கத்தில் சற்றுத் தள்ளி உட்கார்ந்தான். ஹவ்வா அலமாரிக்குப் போய் மேல்தட்டிலிருந்து நீலக் கிண்ணத்தை எடுத்தாள். நஸ்மியே பதறிப்போய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

ஹவ்வா மகன் தோளைப் பிடித்துத் தாம்பாளத்தோடு ஒட்டி உட்காரவைத்தாள். அவன் கையில் ஒரு கரண்டியைக் கொடுத்தாள். பிறகு நீலக் கிண்ணத்தில் இரண்டு கரண்டிக் கஞ்சி ஊற்றிக்கொண்டு, சுவரோரம், எப்போதும் அந்தக் கிண்ணத்தை வைக்கிற இடத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"அத்தை, இங்க வாங்க. எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம்."

"நீங்க சாப்பிடுங்க" என்றாள் ஹவ்வா. "நான் இன்னைக்கு இதுலதான்."

கிண்ணத்தைத் தன் இடப்பக்கம் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, கையால் துழாவி, அதை எடுத்துக் குடித்தாள்.